மானிட்டர் வாங்குகிறீர்களா? மூலைவிட்டத்தை நம்பாதீர்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் அண்மைக் காலமாக என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அல்ட்ராவைடு மானிட்டர் வாங்கலாமா?" கடையில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் மானிட்டர்களுக்கு நடுவே, வில் போல வளைந்து, நீளமாக நிற்கும் அந்த ஒன்றைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. 2022-ல் வாங்கியும் விட்டேன். சாதாரண அல்ட்ராவைடு அல்ல, 49 இன்ச்! மாதத் தவணையில் வாங்கிய அந்த மானிட்டரில்தான் இந்தக் கட்டுரையையும் டைப் செய்கிறேன்.

அப்படிப்பட்ட நானே, முதல் முறையாக கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் இதை வாங்க வேண்டாம் என்கிறேன். ஏன் என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

தங்கை கொண்டு வந்த கொட்டேஷன்

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் சித்தி மகள் அறந்தாங்கியில் இருக்கிறார். மனு, பத்திரம், கல்லூரி புராஜக்ட் ஆகியவற்றை டைப் செய்து கொடுப்பது, இரண்டு மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுவது என்று வீட்டிலேயே ஒரு தொழில் தொடங்க முடிவு செய்தார். கையில் 60 ஆயிரம் ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கிய பணம்.

ஒரு கடையில் வாங்கிய கொட்டேஷனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் முதல் வரியே 34 இன்ச் அல்ட்ராவைடு மானிட்டர்! அதை நுழைப்பதற்காக ரேம் 8 ஜிபி ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. யுபிஎஸ் இல்லை. பிரிண்டரும் இல்லை. டைப் செய்து கொடுக்கும் தொழிலுக்குப் பிரிண்டர் இல்லாமல் என்ன செய்வது?

"இது வேணாம்மா. 24 இன்ச் சாதாரண மானிட்டர் போதும்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"என்னண்ணே, நீங்க மட்டும் 49 இன்ச் வச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் 24 போதுமா?"

நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

நிலம் வாங்கும்போது எதைக் கேட்கிறோம்?

ஒரு மனை வாங்கப் போகிறீர்கள். "மூலைக்கு மூலை எத்தனை அடி?" என்றா கேட்பீர்கள்? நீளம் என்ன, அகலம் என்ன, எத்தனை சென்ட் என்றுதானே கேட்பீர்கள். மானிட்டர் வாங்கும்போது மட்டும் நாம் மூலைக்கு மூலை அளந்து வாங்குகிறோம்! 24 இன்ச், 34 இன்ச் என்று பெட்டியில் போட்டிருப்பது திரையின் மூலைவிட்டம். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள தூரம். அவ்வளவுதான்.

எல்லா மானிட்டர்களும் ஒரே வடிவத்தில் இருந்தவரை இந்தக் கணக்கில் சிக்கல் இல்லை. 15 இன்ச்சை விட 17 இன்ச் பெரியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது வடிவங்கள் பல. வழக்கமான மானிட்டரின் அகல, உயர விகிதம் 16:9. அல்ட்ராவைடு என்றால் 21:9. என்னிடம் இருப்பது போன்ற மிக நீண்ட வகைக்கு 32:9. வடிவம் மாறும்போது ஒரே மூலைவிட்டத்திற்குள் இருக்கும் இடமும் மாறிவிடும். நிலம் நீளமாகி, ரிப்பன் போல மெலிந்துவிட்டால் சென்ட் குறைவது போல!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 இன்ச் வழக்கமான மானிட்டரின் பரப்பு ஏறத்தாழ 437 சதுர இன்ச். 34 இன்ச் அல்ட்ராவைடின் பரப்பு ஏறத்தாழ 412 சதுர இன்ச் மட்டுமே. பெட்டியில் இரண்டு இன்ச் கூடியிருக்கிறது, பரப்பில் குறைந்திருக்கிறது! என் 49 இன்ச் மானிட்டரின் பரப்பு ஏறத்தாழ 626 சதுர இன்ச். ஆனால் 43 இன்ச் வழக்கமான திரையின் பரப்போ 790 சதுர இன்ச்.

உயரத்தைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். 27 இன்ச் வழக்கமான மானிட்டர், 34 இன்ச் அல்ட்ராவைடு, 49 இன்ச் மிக நீண்ட மானிட்டர் ஆகிய மூன்றின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். சுமார் 13 கால் இன்ச். நான் 49 இன்ச் வாங்கியபோது எனக்குக் கிடைத்தது இரண்டு 27 இன்ச் மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த இடம். உயரத்தில் ஒரு நூல்கூட கூடவில்லை.

சில கடைகளில் விலை குறைவான அல்ட்ராவைடு என்று 29 இன்ச் மானிட்டரைக் காட்டுவார்கள். அதன் உயரம் ஏறத்தாழ 28.5 செ.மீ. ஒரு ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. அதாவது ஒரு மனுவை நிஜ அளவில் முழுதாகக் காட்டக்கூட அந்த 29 இன்ச்சால் முடியாது. 24 இன்ச் வழக்கமான மானிட்டர் அதை விட உயரமானது!

நாம் அன்றாடம் பார்க்கும் கடிதம், மனு, பில், இணையப் பக்கம் எல்லாமே மேலிருந்து கீழாகப் போகிறவை. அகலத்தில் நீள்பவை மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள்

திரையின் பரப்பு ஒரு பாதி. அதில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பது மறு பாதி. பிக்சல் என்பது திரையில் ஒளிரும் மிகச் சிறிய புள்ளி. இந்தப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். ஒரு இன்ச்சுக்குள் எத்தனை புள்ளிகள் என்ற அளவை பிபிஐ என்பார்கள்.

தங்கையின் கொட்டேஷனில் இருந்த 34 இன்ச் மானிட்டரின் ரெசல்யூசன் 2560×1080. கணக்குப் போட்டால் இன்ச்சுக்கு 82 புள்ளிகள்தான் வருகின்றன. 1920×1080 ரெசல்யூசன் உள்ள 24 இன்ச் மானிட்டரில் 92 புள்ளிகள். அதே 34 இன்ச்சில் 3440×1440 என்று இன்னொரு வகை உண்டு. அதில் இன்ச்சுக்கு 110 புள்ளிகள். இரண்டுமே '34 இன்ச் அல்ட்ராவைடு' என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. விலை வேறு, தெளிவு வேறு. பெட்டியில் இன்ச் பெரிதாகவும் ரெசல்யூசன் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். 'ன' எழுத்துக்கும் 'ண' எழுத்துக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி எவ்வளவு சிறியது! பிக்சல்கள் அகன்று இருக்கும் திரையில், சிறிய எழுத்தில் டைப் செய்யும்போது இவை மங்கிப் போகும். பத்திரத்தில் ஒரு பெயர் தவறாகப் போனால் அதைத் திருத்த எவ்வளவு அலைச்சல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொரு கணக்கு. 2560×1080 என்றால் மொத்தம் 27 லட்சத்து 64 ஆயிரத்து 800 பிக்சல்கள். இரண்டு 24 இன்ச் மானிட்டர்களைப் பக்கத்தில் வைத்தால் 41 லட்சத்து 47 ஆயிரத்து 200. சரியாக ஒன்றரை மடங்கு! தங்கைக்குச் சொல்லப்பட்ட விலையில் 24 இன்ச் மானிட்டர்கள் இரண்டு வாங்கலாம். மிச்சமும் இருக்கும்.

நான் பட்ட பாடு

இனி என் கதை. என் மேசை பலா மரத்தில் செய்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தோட்டத்தில் சாய்ந்த மரம் அது. உறுதியான மேசை, ஆனால் அகலம் ஒன்றரை அடிதான். 49 இன்ச் மானிட்டரை அதில் வைத்ததும் அதன் ஸ்டாண்டே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. மீதி இடத்தில் கீ போர்டு. என் முகத்துக்கும் திரைக்கும் நடுவே 50 செ.மீ. கூட இல்லை.

திரையின் நீளமோ ஏறத்தாழ 120 செ.மீ. இவ்வளவு அருகில் உட்கார்ந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்க நூறு டிகிரி வரை திரும்ப வேண்டும். 24 இன்ச் மானிட்டரை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்த்தால் இது 50 டிகிரிக்கும் குறைவு. கண்ணை அசைத்தாலே போதும். சித்தன்னவாசல் குகைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கூரையில் இருக்கும் தாமரைத் தடாக ஓவியத்தைக் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்ப்போம். பத்து நிமிடம் அப்படிப் பார்ப்பது சுகம். நாள் முழுவதும் எட்டு மணி நேரம் பார்க்க முடியுமா? நான் பார்த்தேன். ஒரே மாதத்தில் கழுத்து வலி வந்தது. கடைசியில் இரண்டரை அடி அகலத்தில் புது மேசை செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் செலவு எந்த கொட்டேஷனிலும் இல்லை!

இரண்டாவது பாடு கேபிளில் வந்தது. என் அலுவலக லேப்டாப்பில் இருந்தது பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட். மானிட்டரின் ரெசல்யூசன் 5120×1440. இணைத்துப் பார்த்தால் அந்த ரெசல்யூசன் பட்டியலிலேயே வரவில்லை. எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல தடித்துத் தெரிந்தன. மானிட்டர் பழுது என்று நினைத்துப் பதறிப் போனேன். பழுது அல்ல. ஒரு விநாடிக்கு 60 முறை 73 லட்சத்துக்கும் அதிகமான பிக்சல்களை அனுப்பும் திறன் அந்த போர்ட்டுக்கு இல்லை. இதற்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். லேப்டாப்பில் இருந்த யுஎஸ்பி-சி போர்ட் டிஸ்பிளேபோர்ட் சிக்னலையும் தரக்கூடியது என்பதால் அதற்கான கேபிளை வாங்கித் தப்பித்தேன். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் இப்படித் தராது என்பதைக் கவனிக்கவும்.

மூன்றாவது பாடு, பழுது. கடந்த ஆண்டு ஒருநாள் மானிட்டர் உயிர் பெற மறுத்துவிட்டது. சர்வீஸ் சென்டர் திருச்சியில். புதுக்கோட்டையிலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாலடிப் பெட்டியை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? கார் வைத்துத்தான் கொண்டு போனேன். அது திரும்பி வரும் வரை லேப்டாப்பின் சின்னத் திரையில் வேலை. இரண்டு தனித்தனி மானிட்டர்கள் இருந்து ஒன்று போயிருந்தால் மற்றொன்றை வைத்துச் சமாளித்திருப்பேன். அன்றன்று டைப் செய்து கொடுத்தால்தான் அன்றன்று வருமானம் என்று இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

அப்படியானால் யாருக்கு ஏற்றது?

அல்ட்ராவைடு மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். இடப்பக்கம் புரோகிராம், நடுவில் அதன் வெளியீடு, வலப்பக்கம் பிழைச் செய்திகள் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துத்தான் என் வேலை நடக்கிறது. இரண்டு மானிட்டர்களுக்கு நடுவே வரும் கறுப்புச் சட்டம் இதில் இல்லை. அந்த வசதிக்கு ஒருமுறை பழகிவிட்டால் விடுவது கடினம்.

வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு டைம்லைன் நீளமாகத் தெரிவது பெரிய உதவி. எக்செல்லில் முப்பது, நாற்பது காலம்களை வைத்து வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. கேம் விளையாடுபவர்களுக்குக் காட்சி இருபுறமும் விரியும். ஆனால் 5120×1440 என்பது சாதாரண 1920×1080 திரையை விட மூன்றரை மடங்கு பிக்சல்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த அளவு சுமை கூடும். கம்ப்யூட்டருடன் வரும் சாதாரண கிராபிக்ஸை வைத்துக்கொண்டு அந்த ரெசல்யூசனில் பெரிய கேம்களை விளையாட ஆசைப்படாதீர்கள்.

சினிமா பார்க்க நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். சினிமாஸ்கோப் படங்களின் வடிவம் 21:9 திரைக்கு அநேகமாகப் பொருந்தும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வந்தது. அன்று கொட்டகையில் திரை அகன்றதைப் பார்த்து வியந்தவர்களைப் போல நாமும் வீட்டில் வியக்கலாம். ஆனால் யூடியூப்பில் வரும் பெரும்பாலான வீடியோக்களும் டிவி நிகழ்ச்சிகளும் 16:9 வடிவம். அவற்றை 21:9 திரையில் பார்த்தால் கால் பகுதி கறுப்பாகவே கிடக்கும். என் 32:9 திரையிலோ சரிபாதி கறுப்பு!

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. உங்கள் வேலை அகலத்தில் நீள்கிறதா, உயரத்தில் நீள்கிறதா? கடிதமும் கணக்கும் என்றால் உயரத்தைப் பாருங்கள். வீடியோவும் பெரிய அட்டவணையும் என்றால் அகலத்தைப் பாருங்கள்.

2. ரெசல்யூசன் என்ன? 34 இன்ச்சில் 3440×1440-க்குக் குறைவானதை எழுத்து வேலைக்கு வாங்க வேண்டாம்.

3. மேசை எவ்வளவு அகலம்? டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஸ்டாண்டு போக, உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே இரண்டடியாவது இருக்க வேண்டும். மிக நீண்ட திரைக்கு இரண்டரை அடி.

4. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த போர்ட்? எச்டிஎம்ஐ என்று மட்டும் கேட்காமல், எந்த வெர்ஷன் என்றும் கேளுங்கள்.

5. யுபிஎஸ் தாங்குமா? மானிட்டரின் பின்புற லேபிளில் எத்தனை வாட்ஸ் என்று பார்த்து, சிபியுவின் வாட்ஸையும் கூட்டிக்கொண்டு அதற்கேற்ப யுபிஎஸ் தேர்வு செய்யுங்கள்.

விலையில் ஒரு செய்தி. 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரையுள்ள மானிட்டர்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 28 சதவீதம். இங்கேயும் மூலைவிட்டக் கணக்குதான்! பரப்பில் சிறியதாக இருந்தும் 34 இன்ச் அல்ட்ராவைடுக்கு அதிக வரி. நானும் அப்படித்தான் கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வித்தியாசம் போய்விட்டது. எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரி குறைந்துவிட்டது என்பதற்காகத் தேவையில்லாததை வாங்கிவிடவும் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

கவலை வேண்டாம். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'டிஸ்பிளே ரெசல்யூசன்' பட்டியலில் 'ரெகமன்டட்' என்று குறிப்பிடப்பட்டிருப்பதைத் தேர்வு செய்யுங்கள். அது உங்கள் மானிட்டரின் உண்மையான ரெசல்யூசன்தானா என்று பெட்டியைப் பார்த்து ஒப்பிடுங்கள். இல்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் கவனியுங்கள்.

எந்த விண்டோவையும் முழுத்திரைக்குப் பெரிதாக்காதீர்கள். செய்தித்தாள்கள் ஏன் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுகின்றன? ஒரே வரி தாளின் அந்தக் கோடி வரை போனால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிட்டுவிடும். திரையிலும் அப்படித்தான். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால் விண்டோ பாதித் திரையில் போய் உட்காரும். விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயுடன் இசட் அழுத்தினால் இரண்டாக, மூன்றாகப் பிரிக்கும் கட்டங்கள் வரும். அடிக்கடி பார்ப்பதை நடுவிலும், எப்போதாவது பார்ப்பதை ஓரத்திலும் வையுங்கள். கழுத்து உங்களை வாழ்த்தும்!

வீடியோ மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்யாதீர்கள். எதிரே சாதாரண மானிட்டரில் பார்ப்பவருக்கு அது ஒரு பட்டையாகத்தான் தெரியும். எழுத்தைப் படிக்கவே முடியாது. வேண்டிய விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள்.

தங்கை என்ன வாங்கினார்?

24 இன்ச் மானிட்டர் ஒன்று, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டர், யுபிஎஸ், ஒரு பிரிண்டர். 60 ஆயிரத்துக்குள் முடிந்தது. வாங்கிய நாளில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறைக்க விரும்பவில்லை.

எட்டு மாதம் கழித்து, தொழிலில் வந்த பணத்தில் இரண்டாவது மானிட்டர் வாங்கினார். அதுவும் 24 இன்ச்தான். ஆனால் ஸ்டாண்டில் திருப்பும் வசதி உள்ளது. 'டிஸ்பிளே ஓரியன்டேஷன்' என்ற இடத்தில் 'போர்ட்ரெய்ட்' தேர்வு செய்து அதை நிமிர்த்தி வைத்திருக்கிறார். இப்போது அதன் உயரம் 53 செ.மீ. என் 49 இன்ச்சை விட ஒன்றரை மடங்கு உயரம்! ஏ4 பக்கம் முழுதாக, தாளில் இருப்பதை விடப் பெரிதாகவே தெரிகிறது. பக்கத்துத் திரையில் டேலி ஓடுகிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் கொண்டு வந்த பழைய பத்திரத்தைப் பார்த்து டைப் செய்துகொண்டிருந்தார். ஒரு முறைகூட மவுஸை உருட்டவில்லை.

"உங்க மானிட்டர்ல இது முழுசா தெரியுமாண்ணே?" என்றார் சிரித்துக்கொண்டே.

தெரியும், ஆனால் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஒப்புக்கொண்டேன்.

அடகு வைத்த நகையில் பாதி திரும்பி வந்துவிட்டது. மீதியும் வரும். நண்பர்களே, மானிட்டர் வாங்கப் போகும்போது கடைக்காரர் இன்ச் சொன்னால், நீங்கள் உயரம் எவ்வளவு, ரெசல்யூசன் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். மூலைவிட்டத்தை வைத்து யாரும் நிலம் வாங்குவதில்லை. திரையும் ஒரு நிலம்தான். அதில் என்ன விதைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து வாங்குவோம்!